மாதா வாங்கிக்கொண்ட கை

என் தங்கை எலென் எதையெல்லாம் வென்றாள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று வைத்தால் ஏதாவது விட்டுப்போகும்.

ஐந்து வயதில், இரண்டு டாக்டர்கள் கைவிட்ட காய்ச்சலை வென்றாள். ஏழு வயதில், ஒரே கையால் தன் சடையைத் தானே பின்னக் கற்றாள். ஒன்பது வயதில், ஊசியைத் தலையணையில் குத்தி நிறுத்திவிட்டு, அதில் நூல் கோர்த்தாள். பதின்மூன்று வயதில், ஐம்பத்திரண்டு பிள்ளைகள் எழுதிய, ஆரம்பப் படிப்பை முடிக்கிற செர்த்திஃபிகா பரீட்சையில் ஏழாவதாகத் தேறினாள். பதினெட்டு வயதில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையில் சேர்ந்தாள். இந்த 1929-ம் வருடம் வரைக்கும் சைகோனில் அவளிடம் எழுத்துப் படித்தவர்கள் முந்நூற்றுப் பதினான்கு பேர். நான் எண்ணி வைத்திருக்கிறேன். இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் அம்மாவையும் வென்றாள். இருப்பதிலேயே பெரிய வேலை அதுதான்.

'வென்றாள்' என்ற சொல் எலெனுக்குப் பிடிக்காது. "கேட்டேன், கிடைச்சுது. நீ என்னாத்துக்கு அக்கா சண்டைக்குப் போய் வந்த மாதிரி எழுதுறே?" என்பாள். ஆனால் எழுதுகிறவள் நான். மாதாவிடம் கேட்டுப் பெற்றவர்கள் அதை எழுதித் தந்தால் திருநாள் மலரில் போடுவதாகப் பங்குச் சுவாமியார் சொல்லியிருக்கிறார். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். தையல் வேலை செய்கிறேன். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் அப்பா இக்னாஸ் காரைக்காலிலிருந்து வந்தவர். இங்கே சைகோனில் கான் ஹொய் துறைமுகத்தில், சுங்கக் கிடங்கின் வாசலில் காவல் வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் காவலர்கள் வாசல் புத்தகத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும். அப்பா மட்டும் பேனாவைத் தொட்டு, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சுழி சுழித்துக் கையெழுத்துப் போடுவார். 1908-ல் ஒரு மாலை அப்பாவைக் கூட்டிவர அம்மாவோடு நாங்கள் இருவரும் போயிருந்தோம். எலெனுக்கு அப்போது ஐந்து வயது, எனக்குப் பதினொன்று.

"அப்பா, அது என்னா வரைஞ்சீங்க?"

"கையெழுத்தும்மா. இதைப் பார்த்தா இன்னைக்கு நான் இங்க இருந்தேன்னு அர்த்தம்."

"நானும் போடுவேன்."

"போடாம? உங்க அக்காவைவிடப் பெரிசாப் போடு."

மூன்று வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் அடித்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். ஆனால் வலக்கை தோளிலிருந்து துணி மாதிரி தொங்கியது. விரல்கள் உள்ளே மடங்கி, முட்டி பிடித்தபடி இறுகிவிட்டன. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், நரம்பு செத்துவிட்டது, இனி அந்தக் கையை எதிர்பார்க்காதீர்கள் என்றார்.

அம்மா எதிர்பார்த்தாள். எங்கள் அம்மா ஜூலியேத், வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டாள்: பிள்ளையின் வலக்கை திரும்பி வந்தால், அதே அளவில் வெள்ளியில் ஒரு கை செய்து உன் கோயிலுக்கு அனுப்புகிறேன்.

அன்றிலிருந்து தினமும் செபமாலை முடிந்ததும் அம்மா அதைச் சத்தமாகக் கேட்பாள். எலென் உதட்டை மட்டும் அசைப்பாள்.

"நீ என்னடி கேக்கிறே?" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"கையெழுத்துப் போடணும்னு கேக்கிறேன்."

"அம்மா கேக்கிறதும் அதுதானே?"

"ம்ம்" என்றாள். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. இரண்டும் வேறு வேறு வேண்டுதல் என்று தெரிய நான்கு வருடம் ஆயிற்று.

யார் எதை இடக்கையால் கொடுத்தாலும் அம்மா வாங்கமாட்டாள். பெற்ற பிள்ளைக்கும் அதே சட்டம்தான். எலென் தண்ணீர் கொண்டுவந்தால் டம்ளரை முக்காலிமேல் வைக்க வேண்டும். அம்மா அங்கிருந்து எடுத்துக்கொள்வாள். சிலுவை அடையாளம் போடும்போது எலென் இடக்கையால் வலக்கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி மெதுவாக, நெற்றிக்கும் நெஞ்சுக்கும் இரண்டு தோளுக்கும் கொண்டுபோவாள். பூசையில் மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் அவளுக்கு அது முடிந்திருக்காது.

கன்னியர் பள்ளியிலும் அதே கதைதான். அங்கே இடக்கையால் எழுதக் கூடாது. எந்தப் பிள்ளையானாலும் கூடாது. வகுப்பு நடத்திய கன்னியாஸ்திரி மேர் ஒக்தாவி பொல்லாதவர் அல்ல. சுண்ணாம்புக் கட்டியை எலெனின் வலது முட்டியில் வைத்து, நழுவாமல் நீல ரிப்பனால் கட்டுவார். எலென் தோளை ஆட்டி ஆட்டிப் பலகையில் கோடு இழுப்பாள். இரண்டு வருடத்தில் ஒரு எழுத்துகூட வரவில்லை. ஆனால் காதால் கேட்டதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லுவாள்.

1911-ல் மேர் எங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, "முசே இக்னாஸ், இவளைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை இந்த வகுப்பில் இல்லை. ஆனால் செர்த்திஃபிகாவுக்கு அனுப்ப முடியாது. பரீட்சைக்காரர்கள் முன்னால் பட்டியலில் அவளே கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள்" என்றார்.

வீட்டில் அதைச் சொன்னபோது எலென் அழவில்லை. "இன்னும் நாள் இருக்குல்ல?" என்றாள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு, சுவாமியார் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார். கேட்டது கிடைத்துவிட்டது என்று நம்பி, கிடைக்கும் முன்னாலேயே நன்றி சொல்லுகிறவனே விசுவாசி என்றார். மற்றவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எங்கள் அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு கால் கொலுசையும் கழற்றினாள்.

"வெள்ளிக் கையை இப்பவே செஞ்சு அனுப்பிடலாம். கை வந்தப்புறம் அனுப்பினா அது நம்பிக்கையா? மரி, நீதானே தையல் பழகுறே. தங்கச்சி கையை அளவெடுத்துக் குடு. ஒரு நூல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

எனக்கு அப்போது பதினான்கு வயது முடிந்திருந்தது. துணி வெட்டுவதற்குக் காகிதத்தில் மாதிரி வரையப் பழகிக்கொண்டிருந்தேன். வலக்கை முட்டி பிடித்து இருந்ததால் அதை வரைய முடியவில்லை. அதனால் இடக்கையைக் காகிதத்தில் விரித்து வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, விரல் விரலாக வரைந்தேன். நகம் எங்கே, கணு எங்கே என்று ஒவ்வொன்றையும் குறித்தேன். சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த தட்டாரிடம் கொலுசையும் காகிதத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். அவரை எல்லோரும் ஓங் சாவ் என்பார்கள். ஆறாமவர் என்று பொருள். பிறந்த வரிசையைச் சொல்லிக் கூப்பிடுவது இந்த ஊர் வழக்கம்.

பத்து நாளில் கை வந்தது. அவ்வளவு அழகான வேலை. அம்மா முத்தமிட வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவள், அப்படியே நிறுத்திவிட்டாள்.

"இது எந்தக் கைடி?"

நான் பார்த்தேன். நகங்கள் மேலே தெரிய வைத்தால் கட்டைவிரல் வலப்பக்கம் இருந்தது. இடக்கை. அளவில் ஒரு மில்லிமீட்டர் தவறவில்லை, கையே தவறிவிட்டது. இதை வலக்கையாகத் திருப்பிச் செய்யச் சொல்லிக் காகிதத்தில் ஒரு வார்த்தை நான் எழுதவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

அப்பா சமாதானத்துக்கு, வெள்ளிக் கையைத் திருப்பிப் பிடித்தார். "இந்தா, இப்ப வலக்கை ஆயிடுச்சு பாரு."

"நகத்தை உள்ளங்கையில வெச்சிருக்கிற பிள்ளையை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்றாள் அம்மா.

எலென் சிரித்துவிட்டாள். அம்மா அவளை அடிக்கக் கை ஓங்கி, ஓங்கிய கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "மாதாவுக்குப் போய் இடக்கையை நீட்டுறதா? உருக்கி மறுபடி செய்யச் சொல்லு, போ."

நானும் எலெனும் போனோம். ஓங் சாவ் கையை வாங்கி, எலெனின் இடக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எங்கே தப்பு? இதே கைதானே?"

"வலக்கை வேணும், ஓங் சாவ். இதை உருக்கிடுங்க."

"புதுசா வெள்ளி கொண்டு வா, எத்தனை கை வேணும்னாலும் செய்யறேன். இது இந்தப் பிள்ளையோட கை. நெருப்பில போடமாட்டேன். எனக்கும் பேத்தி இருக்கா" என்று துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

புது வெள்ளிக்கு வழியில்லை. அந்தச் சமயம் நாகூர்க்காரரான நத்தர்ஷா ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சந்தையில் துணிக்கடை வைத்திருந்தவர். அம்மா அவரை நானா என்றும், அவர் அம்மாவைத் தங்கச்சி என்றும் கூப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் போவார். வேளாங்கண்ணிக்கு நேரில் போய்க் கொடுத்துவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

"கையைக் குடுக்கிறியா, இல்லையா தங்கச்சி? கப்பல் வெள்ளிக்கிழமை. உனக்காகச் சிங்கப்பூர்க்காரன் நங்கூரத்தைப் போட்டுட்டு நிக்கமாட்டான்."

"தப்பான கையா வந்திருச்சு, நானா. எப்படிக் குடுக்கிறது?"

அப்போது எலென் சொன்னாள்: "அம்மா, எங்கிட்ட உள்ளது இந்தக் கைதானே. இல்லாததை மாதா எப்படிம்மா வாங்குவாங்க?"

அம்மா அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே படத்துக்கு முன்னால் வேறு வேறு கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மா கேட்டது வலக்கை. எலென் கேட்டது கையெழுத்து. எந்தக் கையால் என்று அவள் மாதாவிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

அம்மா வெள்ளிக் கையை வெள்ளைத் துணியில் சுற்றி நத்தர்ஷாவிடம் கொடுத்தாள். மனசு ஒப்பிக் கொடுக்கவில்லை. நேர்ந்ததை நிறுத்தப் பயந்து கொடுத்தாள். கப்பல் 1912-ம் வருடம் பிப்ரவரி 9-ம் தேதி கிளம்பியது. அதன் பிறகு ஆறு மாதம் அம்மா நிம்மதியாகத் தூங்கவில்லை. "மாதா என்னா நினைச்சாங்களோ" என்பாள், சோறு வடிக்கும்போதும், துணி உலர்த்தும்போதும்.

ஆகஸ்ட் மாதம், மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு மூன்று நாள் முன்னால், நத்தர்ஷா ஒரு குப்பியில் மாதா கோயில் எண்ணெயோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"என்னா சொன்னாங்க நானா?" அம்மா அவரை உட்காரச் சொல்லக்கூட மறந்துவிட்டாள்.

"யாரு, மாதாவா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா. அங்க உள்ள சாமியார் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தார். யாருக்குன்னார். சைகோன்ல ஒரு பிள்ளைக்குன்னேன். மாதா காலடியில வெச்சு செபம் சொன்னார். அப்புறம் உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினார். பெட்டி பெட்டியா வெள்ளிக் கையி, காலு, கண்ணு, தொட்டிலு. நம்ம பிள்ளை கையையும் அதோட வெச்சுட்டார்."

"இடக்கைன்னு அவரு கேக்கலையா?"

"அட, அங்க இடதும் வலதும் ஒண்ணுமேல ஒண்ணாக் கெடக்கு, தங்கச்சி. யாரும் பிரிச்சு வெக்கல."

"திருப்பித் தரலையே?"

"சாமிக்குக் குடுத்ததை எவன் திருப்பித் தருவான்? என்னா கேள்வி கேக்கிறே நீ? தொண்டை காயுது, ஒரு காப்பி குடுக்கச் சொல்லு."

எலென் ஒவ்வொரு டம்ளராகக் கொண்டுவந்தாள். நத்தர்ஷாவுடையதை முக்காலியில் வைத்தாள். அம்மாவுடையதையும் பழக்கப்படி முக்காலியில் வைக்கக் குனிந்தாள்.

"இங்க குடு" என்று அம்மா கையை நீட்டினாள்.

எலென் நிமிர்ந்து பார்த்தாள். இடக்கையால் கொடுத்தாள். அம்மா வாங்கிக் குடித்தாள். நத்தர்ஷா, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். நான் மட்டும் உள்ளே போய் மாதா படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். என் தவறை மாதா தன் வேலைக்கு எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் ஆகிறது.

திருநாள் முடிந்த மறுநாள் அம்மா என்னையும் எலெனையும் கூட்டிக்கொண்டு மேர் ஒக்தாவியிடம் போனாள். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும்.

"மாதா வாங்கிக்கிட்ட கையை இவங்க வேணாங்கிறாங்களாமா? மாதாவைவிட இவங்க பெரியவங்களான்னு கேளுடி."

நான், "மேர், அம்மா உங்களிடம் ஒரு உதவி கேட்கிறார்கள்" என்றேன்.

மேர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "உன் அம்மா பேசியது இதைவிட நீளமாக இருந்ததே மரி. முழுவதையும் சொல்."

சொன்னேன். வெள்ளிக் கை, நத்தர்ஷா, பெட்டிகள், எல்லாவற்றையும் சொன்னேன். மேர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து எலெனின் இடக்கையில் வைத்தார்.

"மாதாவோடு எனக்கு வழக்கு வேண்டாம். ஆனால் வலக்கையும் சும்மா இருக்கக் கூடாது. நீ எழுதும்போது காகிதம் நகரும். அந்தக் கை காகிதத்தைப் பிடிக்கட்டும்."

எலென் எழுதினாள். காற்றில் சாய்ந்த நெற்பயிர் மாதிரி எழுத்தெல்லாம் பின்னால் சாய்ந்தது. வலது முட்டியைக் கல்லைப் போலக் காகிதத்தின்மேல் தூக்கி வைத்துக்கொள்வாள். இனி நான் எழுதுவதை நம்புகிறவர்கள் நம்பட்டும். என் குறிப்புப் புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு மாத முதல் வெள்ளிக்கிழமையும், மாதா எண்ணெய் தடவிய பிறகு, மடங்கிய ஆள்காட்டி விரலின் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தையல் நாடாவால் அளந்தேன். 1912 அக்டோபரில் இடைவெளியே இல்லை. அடுத்த ஈஸ்டரை ஒட்டி நான்கு மில்லிமீட்டர். பென் தானில் புதுச் சந்தை திறந்த 1914-ம் வருடம் இரண்டு சென்டிமீட்டர். 1915 கிறிஸ்துமஸுக்குள் அந்த முட்டி பிரிந்து, கை காகிதத்தின்மேல் தட்டையாகப் படிந்தது. தினமும் எழுதி எழுதி அழுத்தியதால் தசை இளகியிருக்கும் என்றார் டாக்டர். மாதா என்றாள் அம்மா. இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். அந்தக் கையால் எலெனால் இன்றுவரை ஒரு டம்ளரைத் தூக்க முடியாது. ஆனால் காகிதத்தைப் பிடிக்கும்.

மேர் அவள் பெயரைப் பரீட்சைக்கு அனுப்பினார். "உள்ளே விடுவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. கையெழுத்து வாங்குகிறவர் என்ன நினைப்பாரோ, அது அவர் கையில் இருக்கிறது" என்றார். பரீட்சைக்கு முந்தின ஒன்பது நாளும் வீட்டில் நவநாள் செபம். இந்தமுறை அம்மாவும் எலெனும் ஒன்றையே கேட்டார்கள்.

பரீட்சையன்று காலையில் அம்மா பரீட்சைக்கூடத்து வராந்தாவில் செபமாலையோடு நின்றுகொண்டாள். கைக்கு உதவியாக ஒருவர் கூடவே வர மேர் அனுமதி வாங்கியிருந்ததால், நான் எலெனோடு வாசல் மேசை வரைக்கும் போனேன். மேசையில் பெரிய பட்டியல் இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். எலென் இடக்கையால் பேனாவை எடுத்ததும் நிமிர்ந்தார்.

"மத்மொவாசெல், அந்தக் கையா? வலக்கை என்ன செய்கிறது?"

எலென் வலக்கையை இடக்கையால் தூக்கினாள், சிலுவை போடுவதற்குத் தூக்குவாளே, அதே மாதிரி. பட்டியலின் ஓரத்தில் அதை வைத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து படிந்தன.

"அது காகிதத்தைப் பிடிக்கிறது, முசே."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மைக்கூட்டை அவளுடைய இடப்பக்கமாக நகர்த்தி வைத்தார்.

எலென் அவசரப்படவில்லை. எழுத்துகள் பின்னால் சாய்ந்தபடி ஒவ்வொன்றாக வந்தன. கடைசி எழுத்துக்குக் கீழே, அப்பாவைப் போலவே, ஒரு சுழி சுழித்தாள். அப்பாவுடையதைவிட அது பெரியதாக இருந்தது. மை காயும் வரைக்கும் வலக்கை அங்கேயே இருந்தது.

நான் வெளியே ஓடினேன்.

"போட்டாளாடி?" என்றாள் அம்மா.

"போட்டாம்மா. ரெண்டு கையாலயும் போட்டா."

அம்மா வராந்தாவிலேயே முழங்காலில் நின்றாள். நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து தேதியை எழுதினேன்: 1916-ம் வருடம், ஜூன் மாதம் 19-ம் தேதி, திங்கட்கிழமை.